அவனைக் கொலைகாரனாக்கியது தனிமைதானா? மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ குறித்து

ஜூலை 4

“அந்தப் படைப்புக்கு ஒரு துணை கிடைத்திருந்தால், அந்த நாவலில் ஒருவர்கூடச் செத்திருக்க மாட்டார்கள்” என்று நண்பர் ஒருவர் அண்மையில் அடித்துச் சொன்னார். 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பற்றித்தான் பேச்சு. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் உயிர் கொடுத்துவிட்டுக் கைவிடும் பெயரற்ற உருவம்தான் அந்தப் படைப்பு. நாவலுக்குள் அவனே இதைச் சொல்கிறான். ஆல்ப்ஸ் மலையில் ஷாமொனியின் பனியாற்றின் மேல் நின்று, தன்னைப் படைத்தவனிடம், தான் துன்பப்படுவதால்தான் தீயவனாக இருப்பதாகவும், மகிழ்ச்சியைக் கொடுத்தால் மறுபடியும் நல்லவனாகிவிடுவதாகவும் வாதாடுகிறான். நண்பர் அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். தனிமைதான் காரணம் என்றால், யாருடைய தனிமை? படைத்தவனான விக்டருக்கு அன்பான தந்தை இருக்கிறார். மணக்கக் காத்திருக்கும் எலிசபெத் இருக்கிறாள். நோயில் கிடந்தபோது மாதக்கணக்கில் உடனிருந்து பார்த்துக்கொண்ட நண்பன் கிளெர்வல் இருக்கிறான். இத்தனை பேர் சூழ இருந்தும் அவனைப் போலத் தனித்துப்போனவர் அந்தப் புத்தகத்தில் வேறு யாரும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. படித்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நானும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். தோன்றுவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4, இரவு

தொடக்கக் கடிதங்களை மட்டும் மீண்டும் படித்தேன். வட துருவக் கடலுக்குக் கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்படும் வால்டன், தன் சகோதரி மார்கரெட்டுக்கு எழுதும் கடிதங்கள்தாம் இந்த நாவலின் வாசல். வழியில் விக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அவன் கதையைக் கேட்டு எழுதப்போகிறவனும் இவன்தான். பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இரண்டாவது கடிதத்திலேயே அவன் தனக்கு ஒரு நண்பனும் இல்லை என்று எழுதிவிடுகிறான். வெற்றி பெற்றால் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை; தோற்றால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை; நினைப்பதையெல்லாம் தாளில் எழுதலாம், ஆனால் தாள் திரும்பப் பார்க்காது என்பது அவனுடைய குறை. இருபத்தெட்டு வயதுக்காரன், கப்பலுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே எழுதுகிறான்.

மார்கரெட்டின் பதில் கடிதம் ஒன்றுகூட நமக்குக் காட்டப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஜூலை 6

ஒருவர் கேட்டிருக்கிறார்: “கூட்டத்தில் இருப்பவனுடைய ஏக்கமும் காட்டில் ஒளிந்து வாழ்பவனுடைய ஏக்கமும் ஒன்றா? முன்னது ஒரு சொகுசு இல்லையா?” நியாயமான கேள்வி. ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வால்டன் நினைத்தால் ஊருக்குத் திரும்பலாம். விக்டர் நினைத்தால், படிக்கப் போன இங்கோல்ஸ்டாட்டிலிருந்து சொந்த ஊரான ஜெனீவாவுக்கு வண்டி ஏறலாம். படைக்கப்பட்டவனுக்குப் போக இடமே இல்லை. எட்டடி உயரமும் பார்த்தவர்கள் மிரண்டு ஓடும் முகமுமாக, ஒரு பெயர்கூட வைக்கப்படாமல், பிறந்த இரவிலேயே கைவிடப்பட்டவன் அவன்.

இருந்தாலும், முன்னதைச் சொகுசு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. என் தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் காது அறவே கேட்காமல் போயிற்று. வீட்டில் எப்போதும் எட்டுப் பத்துப் பேர் இருப்போம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லோரும் எதையோ பேசிச் சிரிக்கும்போது, அவர் சாய்வு நாற்காலியில் இருந்து சற்று முன்னால் நகர்ந்து, ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துவிட்டு, “என்னடா, என்ன சொன்னான்?” என்று கேட்பார். “ஒண்ணுமில்ல தாத்தா, சும்மா பேசிக்கிட்டிருக்கோம்” என்று நாங்கள் கையை அசைப்போம். கத்திச் சொல்ல அலுப்பு. சில மாதங்களில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். சாப்பாடு நேரத்துக்குப் போயிற்று, மருந்து போயிற்று, யாரும் அவரை ஒரு குறையும் வைக்காமல்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்தக் கூடத்தில் அவர் இருந்த இருப்பைத் தனிமை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆள் இல்லாமல் இருப்பது ஒன்று. சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருப்பது இன்னொன்று. மேரி ஷெல்லி இரண்டாவதைத்தான் எழுதினார் என்ற எண்ணம் எனக்கு வலுத்துவருகிறது.

ஜூலை 9

டி லேசி குடும்பத்தின் பகுதியை நேற்று முழுவதும் படித்தேன். நாவலின் இதயம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

காட்டோரம் ஒரு குடிசை. அதை ஒட்டி, பன்றிப்பட்டிக்கும் ஒரு குட்டைக்கும் அருகில், நிமிர்ந்து உட்காரவும் சிரமமான ஒரு மரக்கொட்டில். படைக்கப்பட்டவன் அதற்குள் புகுந்துகொண்டு, பலகை இடுக்கு வழியாக அந்த வீட்டை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்வையற்ற முதியவர் டி லேசி கிதார் வாசிக்கிறார். மகள் அகதா கண்ணீர் விடுகிறாள். மகன் ஃபீலிக்ஸ் விறகு வெட்டுகிறான். அவர்களிடம் இருந்த உணவைத் திருடித் தின்றுகொண்டிருந்தவன், அவர்களே பசியோடு இருப்பதையும், இளையவர்கள் இருவரும் தங்கள் பங்கைத் தந்தைக்கு வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதையும் கண்ட அன்றே திருட்டை நிறுத்திவிட்டுக் கிழங்குக்கும் காட்டுப் பழத்துக்கும் திரும்புகிறான். இரவில் ஃபீலிக்ஸின் கருவிகளை எடுத்துப்போய் விறகு கொண்டுவந்து வாசலில் போடுகிறான். பனியை வாரிப் பாதை செய்கிறான். காலையில் அவர்கள் வியந்து, ஏதோ நல்ல ஆவி வந்து செய்துவிட்டுப் போவதாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு உள்ளுக்குள் நிறைந்துபோகிறான். நட்பு, உறவு, ஊர், மொழி எல்லாவற்றையும் அந்த இடுக்கு வழியாகவே கற்றுக்கொள்கிறான். சஃபி என்ற வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஃபீலிக்ஸ் பாடம் நடத்தும்போது இவனும் மறுபுறம் இருந்து படிக்கிறான்.

தன்னை வெளிப்படுத்திக்கொள்ள அவன் போடும் திட்டத்தைப் பாருங்கள். இளையவர்கள் உலாவப் போயிருக்கும் ஒரு நாளில், முதியவர் மட்டும் இருக்கும்போது, கதவைத் தட்டுகிறான். வழிப்போக்கன் என்றும், கணப்பின் முன்னால் சற்று நேரம் உட்கார்ந்துகொள்ள இடம் கொடுத்தால் போதும் என்றும் கேட்கிறான். முதியவர் உள்ளே அழைக்கிறார். பேச்சை வைத்து, நீ பிரெஞ்சுக்காரனா என்று விசாரிக்கிறார். பிறந்த நாள் முதல் அவனிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அன்றுதான். தன்னை ஒருநாளும் பார்த்திராத நண்பர்களைத் தேடிப் போவதாகவும், அவர்களும் துரத்திவிட்டால் உலகத்தில் தனக்கு வேறு யாருமில்லை என்றும் சொல்கிறான். நட்பில்லாமல் இருப்பது துயரம்தான், ஆனால் சுயநலம் குறுக்கிடாத மனித மனம் அன்பு நிறைந்தது என்று முதியவர் தேற்றுகிறார்.

வெளியே காலடிச் சத்தம் கேட்கிறது. அவர் கையைப் பற்றிக்கொண்டு, நான் தேடிவந்த நண்பர்கள் நீங்கள்தாம் என்று கதறிவிடுகிறான். முதியவர் திடுக்கிட்டு, நீ யார் என்று கேட்கிறார். பதில் சொல்வதற்குள் கதவு திறக்கிறது. அகதா மயங்கி விழுகிறாள். சஃபி வெளியே ஓடுகிறாள். தந்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தவனை ஃபீலிக்ஸ் பிய்த்தெடுத்துத் தடியால் அடிக்கிறான். ஒரே கையால் ஃபீலிக்ஸைக் கிழித்துப் போடக்கூடிய பலம் உள்ளவன் கையை ஓங்காமல் வெளியேறுகிறான்.

ஃபீலிக்ஸைக் குறை சொல்வது எளிது. மறுநாள் அவன் வீட்டுக்காரரிடம், மூன்று மாத வாடகையும் தோட்டத்து விளைச்சலும் போனால் போகட்டும், தந்தையின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டு வீட்டைக் காலி செய்கிறான். அவன் கண்ணால் கண்டது, தந்தையின் காலைப் பிடித்திருந்த ஒரு பயங்கர உருவத்தை. தந்தை கேட்டது வேறு. அந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பேச அந்த வீட்டுக்கு ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை.

ஜூலை 9, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பனியாற்றில் விக்டர், உன் உருவத்தைப் பார்க்கும் கொடுமையிலிருந்து என்னை விடுவி என்று கத்துகிறான். அவன் உடனே தன் கைகளால் விக்டரின் கண்களை மூடி, இதோ, விடுவித்துவிட்டேன். பார்க்க வேண்டாம், ஆனால் கேட்கலாம் அல்லவா என்கிறான். விக்டர் அந்தக் கைகளை வெறுப்போடு தட்டிவிடுகிறான். டி லேசியிடம் பார்வையின்மையால் தற்செயலாகக் கிடைத்ததை இங்கே தன் கையாலேயே உண்டாக்கப் பார்க்கிறான். பிறகு மலைக் குடில் ஒன்றில் அவன் மூட்டிய நெருப்பின் முன்னால் விக்டர் உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்கிறான். கேட்டு முடித்ததும் மனம் இளகி, துணை ஒன்றைச் செய்துதர வாக்குக் கொடுக்கிறான். கேட்டதால் வந்த இளக்கம் அது.

ஜூலை 12

இப்போது கொலைகளைப் பற்றி எழுதியாக வேண்டும். அவன்பால் எனக்கு இருக்கும் இரக்கம் இந்த இடத்தில் தடுமாறுகிறது.

விக்டரின் தம்பியான வில்லியம் என்ற சிறுவனின் சாவு எப்படித் தொடங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆற்றில் மூழ்கிய ஒரு பெண்ணைக் காப்பாற்றி அதற்குக் கூலியாகத் தோளில் குண்டு வாங்கிய பிறகு, ஜெனீவாவுக்கு வருகிறான். ஓடிவரும் சிறுவனைக் கண்டதும் அவனுக்குத் தோன்றும் முதல் எண்ணம், இந்த வயதுக் குழந்தைக்கு அருவருப்பு தெரியாது, இவனைத் தூக்கிப்போய் வளர்த்தால் எனக்கு ஒரு தோழன் கிடைப்பான் என்பதுதான். குழந்தை அலறுகிறது, பூதம் என்று ஏசுகிறது, என் தந்தை ஃபிராங்கன்ஸ்டைன் என்று மிரட்டுகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் கை கழுத்துக்குப் போய்விடுகிறது. தோழமை தேடிய அதே கை.

ஆனால் விக்டர் வீட்டில் வேலைசெய்த ஜஸ்டினுக்கு அவன் செய்தது அவசரத்தில் செய்தது அன்று. அந்தப் பணிப்பெண்ணின் ஆடை மடிப்பில், இறந்த சிறுவனிடமிருந்து எடுத்த பதக்கத்தைச் செருகிவிட்டுப் போகிறான். அதை வைத்தே அவளைத் தூக்கில் போடுகிறார்கள். 1831இல் மேரி ஷெல்லி திருத்தி வெளியிட்ட பதிப்பில் இந்தக் காட்சி விரிகிறது. தொழுவத்தில் தூங்குகிறவளின் காதருகே குனிந்து, ஒரு காதலனைப் போல மெல்லப் பேசுகிறான். அவள் அசைகிறாள். விழித்தால் என்னைப் பார்த்துக் கத்துவாள், சபிப்பாள், காட்டிக்கொடுப்பாள் என்று நினைக்கிறான். அவள் இன்னும் எதுவும் செய்யவில்லை. செய்யப்போவதாக இவன் கற்பித்துக்கொண்டதற்குத் தண்டனையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறான்.

தனிமையின் விளைவு என்று இந்த நாவலில் என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். பலமுறை விரட்டப்பட்டவன், விரட்டாதவரையும் விரட்டியவராகவே எண்ணத் தொடங்குகிறான். எதிரே இருப்பவர் வாய் திறக்குமுன் அவருடைய பதிலையும் இவனே சொல்லிக்கொள்கிறான். கேட்பதற்கு ஆள் இல்லாமல் தவித்தவனே இன்னொருத்தியின் பேச்சைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறான். நண்பரின் வாதத்தில் இதற்கு இடமில்லை.

ஜூலை 13

ஜஸ்டினைப் பற்றி இன்னும் ஒன்று. பாவமன்னிப்பு கிடைக்காது, நரகம்தான் என்று பாதிரியார் மிரட்டியதில் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டவள் அவள். ஊரே வெறுக்கிறது. சிறையில் எலிசபெத் வந்து, நீ குற்றமற்றவள் என்று நம்புகிறேன் என்கிறாள். தன் குற்றமின்மையை நீங்கள் ஏற்றுக்கொண்டதால் இனி அமைதியாகச் சாக முடியும் என்று ஜஸ்டின் சொல்கிறாள். தூக்குமேடைக்குப் போகும் முந்தைய இரவில் அவளுக்கு ஒருத்தி இருக்கிறாள். அதே அறையில், மூலையில், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் விக்டருக்கு யாரும் இல்லை, ஏனென்றால் உண்மை அவன் வாய்க்குள் இருக்கிறது.

ஜூலை 18

விக்டருக்கு வருகிறேன். “அவன் தனிமையை அவனே தேடிக்கொண்டான், அதற்கு என்ன பரிதாபம்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தேடிக்கொண்டான் என்பது சரி. எப்படித் தேடிக்கொண்டான் என்பதைத்தான் இந்த நாவல் படிப்படியாகக் காட்டுகிறது.

இங்கோல்ஸ்டாட்டில் அவன் வேலை செய்த இடம், வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒரு நடைக்கூடத்தாலும் படிக்கட்டாலும் துண்டிக்கப்பட்ட தனியறை. வசந்தமும் கோடையும் சன்னலுக்கு வெளியே வந்து போகின்றன, அவன் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஊருக்குப் போகவில்லை. நீ கடிதம் எழுதுவது நின்றால் மற்றக் கடமைகளையும் கைவிட்டுவிட்டாய் என்றே எடுத்துக்கொள்வேன் என்று தந்தை முன்பே சொல்லியிருந்தார். அது தெரிந்தும் எழுதவில்லை. வேலை முடியட்டும், அப்புறம் எல்லா அன்பும் என்று தள்ளிப்போடுகிறான்.

இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்காக வடக்கே ஒரு நகரத்தில் மொட்டைமாடி அறை ஒன்றில் இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன். அம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அழைப்பார். ஆய்வேட்டின் ஓர் இயலை முடித்துவிட்டு நிம்மதியாகப் பேசலாம் என்று எடுக்காமல் விடுவேன். அந்த இயல் முடியும்போது இன்னொன்று தொடங்கியிருக்கும். பிறகு, இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன சொல்வது என்ற கூச்சமே பேசாமல் இருப்பதற்குக் காரணமாயிற்று. அன்பு குறைந்து அப்படி நடக்கவில்லை. மௌனத்துக்கு அப்படி ஒரு தன்மை உண்டு. ஒரு நாள் மௌனத்தைவிட ஒரு மாத மௌனத்தை உடைப்பது பல மடங்கு கடினம்.

விக்டரின் கதை முழுவதும் அந்தக் கணக்குத்தான். உயிர் பெற்றவன் படுக்கைத் திரையை விலக்கிக் கையை நீட்டிய இரவில் விக்டர் கீழே ஓடி முற்றத்தில் விடியும்வரை நடக்கிறான். காலையில் ஊரிலிருந்து வண்டியில் வந்து இறங்குகிறான் கிளெர்வல். அன்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் காய்ச்சலில் விழுகிறான், கிளெர்வல் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிறான், அப்போதும் சொல்லவில்லை. ஜஸ்டினின் விசாரணையில், பைத்தியக்காரனின் உளறல் என்பார்கள் என்று சொல்லவில்லை. திருமணத்துக்கு முன் எலிசபெத்துக்கு எழுதும் கடிதத்தில், என்னிடம் ஒரு பயங்கரமான ரகசியம் இருக்கிறது, கல்யாணத்துக்கு மறுநாள் சொல்கிறேன் என்கிறான். திருமண இரவிலேயே அவள் கொல்லப்படுகிறாள்.

ஏறக்குறைய எல்லோரும் போன பிறகு, ஜெனீவாவில் ஒரு நீதிபதியின் முன் உட்கார்ந்து முதல்முறையாக முழுக்கதையையும் சொல்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தையைத் தாதி தேற்றுவதுபோலத் தேற்றப் பார்க்கிறார்.

ஜூலை 19

“துணை கிடைத்திருந்தால்” என்ற வாதத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று நண்பர் குற்றம் சாட்டியிருக்கிறார். சொல்கிறேன்.

ஓர்க்னித் தீவுகளில் மூன்றே குடிசைகள் உள்ள ஒரு பாறைத் தீவில் உட்கார்ந்து விக்டர் பெண்ணுருவம் ஒன்றைச் செய்கிறான். பாதியில் அவனுக்கு மூன்று அச்சங்கள் வருகின்றன: அவள் பிறக்குமுன் மற்றவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அவள் கட்டுப்பட மறுக்கலாம், இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கலாம், அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து பெருகலாம். உடனே, சன்னலில் நிலவொளியில் படைக்கப்பட்டவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உடலைக் கிழித்துப் போடுகிறான்.

மூன்றாவது அச்சம் எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆனால் முதல் இரண்டும் சரியானவை என்று இந்த முறை படிக்கும்போது தோன்றிற்று. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் ஆதாம் இறைவனிடம் துணை கேட்கிறான், கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் படைக்கப்பட்டவனும் கேட்கிறான். ஆனால் தன்னைப் போலவே அருவருப்பாக இருந்தால் அவள் என்னை மறுக்க மாட்டாள் என்பது அவன் போடும் கணக்கு. வேறு வழியில்லாத ஒருத்தியை அவன் கேட்கிறான். டி லேசியின் வீட்டில் அவன் தேடியது அதுவா? அங்கே அவன் விரும்பியது, மறுக்கவும் முடிந்த மனிதர்கள் தானாக மனமுவந்து ஏற்றுக்கொள்வதை. செய்து கொடுத்த துணையால் அந்தப் பசி ஆறியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விக்டரின் குற்றம் வேறொன்று. அவளும் ஒரு மனமுள்ள உயிராக இருப்பாள் என்று உணர்ந்தவன், தன்னிடம் வாக்குப் பெற்றவனிடம் அந்தத் தயக்கத்தைப் பேசியிருக்க வேண்டும். சன்னல் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறான்.

ஜூலை 20

மேடையும் திரையும் இந்தத் தனிமையை எப்படிக் கெடுத்தன என்று ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக. 1823இலேயே லண்டனில் இது நாடகமாயிற்று. மேரி ஷெல்லியே போய்ப் பார்த்தார். விளம்பரத் தாளில் அவன் பாத்திரத்துக்குப் பெயருக்குப் பதிலாகக் கோடுகள் மட்டும் இருந்ததை அவர் ரசித்தார். ஆனால் அந்த நாடகத்திலேயே அவனுக்குப் பேச்சுப் போய்விட்டது. 1931இன் ஹாலிவுட் படத்தில் போரிஸ் கார்லோஃப் உறுமுகிறார். நாவலில் அந்தப் புத்தகத்திலேயே மிக நன்றாகப் பேசத் தெரிந்தவன் அவன்தான். பேச்சே இல்லாத ஒன்றின் தனிமை நமக்கு இரக்கத்தைத் தரும். இத்தனை தெளிவாகப் பேசியும் கேட்கப்படாதவனின் தனிமை நம்மைக் குற்றவாளியாக்கும்.

ஜூலை 27

மேரி ஷெல்லியின் வாழ்க்கையை வைத்து இதை விளக்கிவிடலாம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கையாகவே அதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அவருடைய பெரிய இழப்புகளில் பல, நாவல் வெளிவந்த பிறகு நேர்ந்தவை.

எழுதுவதற்கு முன் நடந்தவை: 1797இல் அவர் பிறந்து பதினோராம் நாள் தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்தார். 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை, பெயர் வைக்குமுன்னே, சில நாட்களில் இறந்தது. அந்தக் குழந்தை உயிரோடு வந்துவிட்டதாகவும், குளிர்ந்துபோயிருந்தது மட்டும்தான் என்றும், நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்றும் கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதினார். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கதை தொடங்கிற்று. எழுதிக்கொண்டிருந்தபோதே, அந்த அக்டோபரில், தாய்வழிச் சகோதரி ஃபேனி ஸ்வான்ஸி நகரில் ஒரு விடுதி அறையில் தனியாக உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற குறிப்பில், தன்னைப் பிறப்பே துரதிருஷ்டமான ஓர் உயிர் என்று எழுதியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் நடுவே இருந்து, யார் சண்டைக்கும் தூது போய், யாருக்கும் முதன்மையானவராக இல்லாமலே போனவர் ஃபேனி. நாவலில் அவரைத் தேடுவது தகாது. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்த பிறகு பனியாற்றுப் பேச்சை முன்போலப் படிக்க முடியவில்லை.

பிறகு 1818இல் மகள் கிளாரா, 1819இல் மகன் வில்லியம், 1822இல் கணவர். 1824இல் நாட்குறிப்பில், அன்புக்குரிய ஓர் இனத்தின் கடைசி எச்சம் தான் என்று எழுதுகிறார். 1831இல் நாவலைத் திருத்தியவர் இந்தப் பெண். அந்தப் பதிப்பில்தான் விக்டர் வால்டனிடம், நம்மைவிட மேலான ஒரு நண்பர் கைகொடுக்காவிட்டால் நாம் எல்லோரும் பாதி மட்டுமே செய்துமுடிக்கப்பட்ட பிறவிகள் என்கிறான். பதினெட்டு வயதில் தொடங்கிய புத்தகத்துக்கு முப்பது கடந்தவர் சேர்த்த வரி அது.

ஆகஸ்ட் 3

எலிசபெத்தைக் கொன்றவனைப் பழிவாங்க விக்டர் வடக்கு நோக்கித் துரத்தும் பகுதி. விக்டர் பின்தங்கிவிடாதபடி அவன் மரப்பட்டையிலும் கல்லிலும் செய்தி செதுக்கி வைக்கிறான். ஓரிடத்தில், பக்கத்தில் செத்த முயல் ஒன்று இருக்கிறது, தின்று தெம்பு ஏற்றிக்கொள் என்று எழுதுகிறான். கேலியும் வெறுப்பும் நிறைந்த வரிதான். இருந்தாலும், பட்டினி கிடக்கும் ஒருவனுக்காக இன்னொருவன் உணவு வைத்துவிட்டுப் போவது, டி லேசியின் வாசலில் விறகு போட்ட அந்த நாட்களுக்குப் பிறகு இங்கேதான் நடக்கிறது. இருவருக்கும் உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே உறவு ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் பகை. அதை இழக்க இருவருக்குமே மனமில்லை.

ஆகஸ்ட் 10

கடைசிக் கடிதம். விக்டர் இறந்துவிட்டான். கப்பலின் அறையில் பிணத்தின்மேல் குனிந்து, படைக்கப்பட்டவன் அழுதுகொண்டிருக்கிறான். வால்டன் உள்ளே வந்து, அந்த முகத்தைக் கண்டதும், தன்னையறியாமல் கண்களை மூடிக்கொள்கிறான். அப்படி மூடிக்கொண்டே, நில், போகாதே என்கிறான். கண் தெரிந்தவர்களில் அவனைப் போகவேண்டாம் என்று சொன்னவர் அந்தப் புத்தகத்தில் இவன் ஒருவன்தான். அதற்குமுன் அவன் கண்டதெல்லாம் தடி, கல், துப்பாக்கி, ஓட்டம். இனி இரக்கம் வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே அவன் நின்று பேசுகிறான். சாத்தானுக்குக்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள், நான் முற்றிலும் தனி என்பதும் அங்கே சொல்வதுதான்.

வால்டனால் இது எப்படி முடிந்தது? அவன் விக்டரின் கதையை வரி விடாமல் கேட்டு எழுதியவன். அதற்குள் படைக்கப்பட்டவனின் வாய்மொழியும் இருந்தது. பார்க்குமுன் கேட்டுவிட்டவன்.

ஆகஸ்ட் 11

நண்பருக்கு ஒரு கேள்வியை விட்டுவைக்கிறேன். விக்டருக்கு இன்னொரு தம்பி உண்டு, எர்னஸ்ட். கொலைகளுக்கும் துயரத்துக்கும் பலியாகாமல் உயிர் தப்பியவன் அவன் ஒருவன்தான். எலிசபெத்தின் பிணத்தை விட்டு விக்டர் ஜெனீவா திரும்பும்போது, தந்தையும் எர்னஸ்டும் இன்னும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. தந்தை அந்தச் செய்தியிலேயே உடைந்து இறந்துபோகிறார். அதன்பின் எர்னஸ்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. விக்டர் கல்லறையில் பழிவாங்கச் சபதம் செய்து, கொஞ்சம் பணத்தையும் தாயின் நகைகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடுகிறான். தனக்கு யாருமே இல்லை என்று வால்டனிடம் மனதாரச் சொல்கிறான். தாய், தந்தை, தம்பி, வீட்டில் உடன்வளர்ந்த எலிசபெத், ஜஸ்டின் எல்லோரையும் இழந்த ஓர் இளைஞன், என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமல், அந்த வீட்டில் இருக்கிறான். மேரி ஷெல்லி இதை மறந்துவிட்டார் என்று சிலர் நினைக்கலாம். விக்டர் மறந்துவிட்டான் என்பதைக் காட்டவே எழுதாமல் விட்டார் என்று நான் நினைக்கிறேன். துணை கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறீர்களே, துணைக்கு ஒரு தம்பி இருந்தும் விக்டருக்கு ஏன் தீரவில்லை?